வாசற்படியில் கேட்கும் கேள்விகள்: உழைப்பு, சிக்கனம், வசதி வந்த பிறகு

சென்னையில் சிறு கடைகள், மெஸ்கள், இரண்டு மூன்று பட்டறைகள் ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வரி, ஜிஎஸ்டி என்று வந்தவர்கள் வேலை முடிந்து செருப்பு மாட்டும்போது, "அப்புறம் சார், இன்னொண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் உண்மையில் கேட்க வந்தது பெரும்பாலும் அந்த இன்னொண்ணுதான். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இது முதலீட்டு ஆலோசனை இல்லை. எந்தப் பங்கு ஏறும் என்று தெரிந்தால் நான் ஏன் இன்னும் அடுத்தவர் பில்லைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்?

சம்பளம் 28,000. வாடகை 11,000. மீதியில் எதைச் சேமிப்பது?

சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள் என்று எழுதுபவர்கள் வேளச்சேரியில் வீடு தேடி அலைந்திருக்க மாட்டார்கள். வாடகை, கரண்ட், காஸ், பிள்ளையின் பள்ளி வேன், ஊரில் அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சலாம். அதையும் மாதக் கடைசியில் தேடினால் கிடைக்காது. சம்பளம் விழுந்த அன்றே தபால் நிலைய ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், போட்டுவிடுங்கள். மாதம் 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. பெண் குழந்தை இருந்து, பத்து வயது ஆகவில்லை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய சேமிப்பு இருக்கிறது, நீங்கள் அதைச் சேமிப்பாக நினைப்பதில்லை. வீட்டு அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,10,000 ரூபாய் வட்டியே இல்லாமல் இன்னொருவர் கையில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது, அந்த இடுக்கில்தான் பத்து மாதம் நுழைகிறது. பேசிக் குறைக்கப் பாருங்கள். முடியாவிட்டால், குடிபோகும் அன்றே சுவர், குழாய், கழிவறை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது "பெயிண்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று பேசுவதற்கு உங்கள் கையில் ஏதாவது வேண்டும்.

தண்டல் வாங்குவது அவ்வளவு தப்பா? பேங்கில் எங்களுக்கு யார் தருவார்கள்?

இப்படிக் கேட்டவர் கோயம்பேட்டில் விடியற்காலையில் காய் எடுத்துத் தள்ளுவண்டியில் விற்பவர். தப்பு என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பணம் விடிவதற்குள் வேண்டும், தண்டல்காரர் விடிவதற்குள் தருகிறார். ஆனால் என்ன விலைக்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வழக்கமான கணக்கு இது. 10,000 என்று எழுதிக்கொள்வார்கள். 1,500 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 தானே சார், பதினஞ்சு பர்சன்ட்" என்றார் அவர். அப்படி இல்லை. நீங்கள் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 8,500இல் பாதி, 4,250 தான். அதற்கு 100 நாளைக்கு 1,500 வட்டி. வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் 128 சதவீதத்தைத் தாண்டும். ஊர்ப் பேச்சில் பத்து ரூபாய் வட்டிக்கும், அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்க்கும், மேலே.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த பிஎம் ஸ்வநிதி கடனுக்குப் பிணை கேட்பதில்லை. வியாபாரி அட்டை வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும். நடந்து வாங்கிவிடுங்கள். மிரட்டி வசூலிக்கிறார்கள் என்றால் அதற்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "அய்யோ பாவம்" என்று உச்சுக்கொட்டும் கிரெடிட் கார்டு பார்ட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி. மூன்றரை ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். காய்க்காரர் அந்தக் கடனில் சரக்கு எடுத்து லாபம் பார்க்கிறார். நீங்கள் அதில் ஹெட்போன் வாங்கியிருக்கிறீர்கள்.

சீட்டு போடலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

போடலாம், யாரிடம் என்பதில்தான் விஷயம். ஏலச் சீட்டு நல்ல ஏற்பாடு. 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, 20 மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வையுங்கள். அவசரத் தேவை உள்ள ஒருவர் 25,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். அவருக்கு 75,000 கிடைக்கும். அந்த 25,000இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 எல்லோருக்கும் பிரிந்து தலைக்கு 1,000 கழியும். அந்த மாதம் நீங்கள் கட்ட வேண்டியது 4,000 தான். கடன் வாங்குகிறவரும் சேமிக்கிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் வங்கி இது. கட்டாவிட்டால் அக்கம்பக்கத்தில் தலை காட்ட முடியாது என்பதால் எப்படியாவது கட்டிவிடுகிறோம், அதுவும் ஒரு லாபம்.

1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். கமிஷனுக்கு உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019இல் 7 ஆனது. அதற்கு மேல் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தீபாவளிச் சீட்டு வேறு கதை. பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ், ஒரு கிராம் தங்கக் காசு என்று நோட்டீஸ் அடித்து மாதாமாதம் வாங்குபவரிடம் பதிவும் இருக்காது, ரசீதும் அட்டையில் கிறுக்கிய கையெழுத்தாகத்தான் இருக்கும். ஐப்பசியில் கடை பூட்டியிருந்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதுதான். சொந்தக்காரப் பெண்மணி நடத்துகிறார், நல்லவர் என்பீர்கள். நல்லவர்தான். அவரிடம் சீட்டு எடுத்தவர் கட்டாமல் ஓடிவிட்டால் அந்த நல்லவர் என்ன செய்வார்?

பெரிய இடம் என்பதும் காப்பு இல்லை. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தபோது, வெள்ளைக்காரன் வங்கி என்று நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் உரிமையாளர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியில்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முனைந்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்று வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020க்கு முன் அது ஒரு லட்சம். சீட்டுக்கோ நிதி நிறுவனத்துக்கோ அந்தக் காப்பீடு கிடையாது. மயிலாப்பூரில் 1872 முதல் நடக்கும் ஃபண்ட் இருக்கிறது என்பதால் ஃபண்ட் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாம் நூற்றைம்பது வருடம் இருக்கப்போவதில்லை.

நகை வாங்கி வைப்பது சேமிப்பா?

பாதி சேமிப்பு. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி மூன்றும் கடை வாசலைத் தாண்டும்போதே போய்விடுகின்றன. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்பது உண்மையான பலம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நகைச்சீட்டு ஏன் 11 மாதம் என்று கேட்கிறார்கள். பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைத் தராவிட்டால் கம்பெனிச் சட்ட விதிகளில் அது டெபாசிட் ஆகிவிடும், கடைக்குத் தலைவலி. அதனால்தான்.

காலை நாலு மணிக்கு எழுந்தால் முன்னேறலாம் என்கிறார்களே?

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தையும், கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர்களையும், தெருப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களையும் போய்ப் பாருங்கள். அதிகாலையில் எழுவதுதான் செல்வத்துக்கு வழி என்றால் போட் கிளப் சாலை வீடுகள் அவர்கள் பெயரில் இருந்திருக்கும்.

நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் நன்றாக ஓடுபவற்றில் ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது: அன்றைய கல்லாவை அன்றே எண்ணி எழுதிவிடுகிறார்கள். ஒரு மெஸ் முதலாளி அம்மா, இரவு பத்தே முக்காலுக்குக் கடைசி மேசையைத் துடைத்த பிறகு, ஒரு நீல நிற நோட்டில் மூன்று வரி எழுதுவார். வந்தது, போனது, மிஞ்சிய சோறு. மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை எப்போதும் சோறு மிஞ்சுகிறது என்று அந்த நோட்டில்தான் கண்டுபிடித்து, செவ்வாய் உலையில் இரண்டு படி குறைத்தார். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நான் கேட்டதில்லை.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சொல்பவருக்கு நிறுவனத்தில் பங்கு இருக்கிறது, கேட்பவருக்கு மாதச் சம்பளம். இரண்டு பேரின் கூடுதல் மணி நேரத்துக்கும் விலை ஒன்றில்லை. தன் கடையில் 90 மணி நேரம் நிற்பவரை நான் தடுக்க மாட்டேன், மருந்துச் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஞாபகம் அதிகம். பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பதும் அந்தத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டுத் தொடங்கிய சங்கம். 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பு வந்த நாள் மே 1.

கடையில் செலவைக் குறைக்க வேண்டும். எங்கே கை வைப்பது?

வாடகை, சரக்கு கெட்டுப்போவது, கடன் வட்டி, தேவையில்லாத விளக்கு. இந்த வரிசையில் பாருங்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது ஆட்கள்மேல். எதிர்த்துப் பேச மாட்டார்கள், அதனால்.

ஒரு கடையில் மாலை டீயை நிறுத்தினார்கள். ஒன்பது ஊழியர், டீ 12 ரூபாய், மாதம் 26 நாள். 2,808 ரூபாய் மிச்சம் என்று முதலாளி பெருமையாகக் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து ஊழியர்கள் ஒவ்வொருவராக முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள், ஆளுக்கு இருபது நிமிடம். மாலை ஆறு மணி, கூட்டம் நெரியும் நேரம், கவுன்ட்டரில் ஆள் இல்லை. இப்போது மறுபடியும் பிளாஸ்க் வருகிறது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கில் அந்த வரி திரும்ப வந்துவிட்டது.

டீ போகட்டும், விற்பனை குறையாமல் இருந்திருந்தாலும் அது சிக்கனம் இல்லை என்பேன். நீங்கள் காரை விற்றுவிட்டு மெட்ரோவில் போனால் அது சிக்கனம். ஊழியரின் டீயை, ஓவர்டைமை, சம்பளத் தேதியைப் பிடித்துவைத்துச் சேர்ப்பது அவர் காசு, உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவே. சம்பளத்தைப் பத்தாம் தேதிக்குத் தள்ளினால் அவர் ஒன்றாம் தேதி வாடகைக்குத் தண்டல் வாங்குகிறார். உங்களுக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தது, அதன் வட்டியை அவர் கட்டுகிறார்.

உட்காரும் நாற்காலியும் இதில் சேர்த்தி. தி.நகர்த் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த பெண்களின் கால் நரம்புகளைப் பற்றி அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேரளத்துக்கு அடுத்து, 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று ஆக்கியது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா 15,000 முன்பணம் கேட்கிறார். கொடுத்தால் திரும்பி வருமா?

மாதம் ஆயிரம் பிடித்தால் பதினைந்து மாதத்தில் வந்துவிடும். இரண்டு பேரும் ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது. எந்த மாதத்தில் கேட்கிறார் என்று பாருங்கள். ஜூன் என்றால் அனேகமாகப் பள்ளிக் கட்டணம், அதில் ஒரு பங்கைக் கடனாக இல்லாமலே தரலாம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது இந்த ஊர் வழக்கம், அதை முன்பணத்தில் கழிக்காதீர்கள். பழைய புடவையையும் மிஞ்சிய சாம்பாரையும் சம்பளக் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நம்ப மாட்டீர்கள். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் உண்டு. பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

நாலு காசு சேர்ந்துவிட்டது. ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. அந்தக் காலத்து ஆட்கள் எப்படிச் செய்தார்கள்?

வடசென்னைப் பக்கம் போனால் பதில் கட்டடமாகவே நிற்கிறது. ஹைதர் அலி படையெடுப்பால் பஞ்சம் வந்து 1782இல் ஜனங்கள் பட்டணத்துக்குள் வந்து குவிந்தபோது கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். பஞ்சம் போன பிறகும் அது மூடப்படவில்லை. அங்கே சேர்ந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. பழைய ஆட்கள் வாயில் இன்னும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, சென்ட்ரல் எதிரே சத்திரம் இரண்டும் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் பெயரில் நிற்பவை. ரயிலில் இறங்கியவருக்குப் படுக்க இடம், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டில். எங்கே நெருக்கடியோ அங்கே பணம் போயிருக்கிறது.

நான் அதிகம் மெச்சுவது 1920இல் நடந்த ஒன்றை. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் பெரிய பணக்காரர், தோல், நெசவு என்று வியாபாரம். வேண்டுமானால் சொந்தக் காசில் நாலு நாள் அன்னதானம் போட்டுப் பெயர் வாங்கியிருக்கலாம். பசியால் பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்று பார்த்து, அதைப் பொதுப் பணத்தில், முறையான செலவாக எழுத வைத்தார். வசதியானவர்கள் கையில் செல்வாக்கும் இருக்கும், அதைச் செலவழிப்பதற்குத்தான் நிறையப் பேர் கஞ்சம்.

இந்தப் பழைய செல்வம் எல்லாம் எப்படி வந்தது என்று தோண்டினால் சந்தனம் மணக்காது, துபாஷி வேலை (வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்ப்பது), வட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி உறவு எல்லாம் இருக்கும். கொடுத்ததால் அது கழுவப்பட்டது என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் விஷயத்தில் வரிசை இதுதான்: முதலில் ஊழியருக்குச் சேர வேண்டியது, அப்புறம் சரக்குக் கொடுத்தவர் பாக்கி, அப்புறம் வரி, அதற்கப்புறம் தர்மம். பி.எஃப். கட்டாமல் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செய்பவருக்கு நான் கணக்கு எழுதுவதில்லை.

கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குக் கொடுக்க வேண்டுமாமே, நாங்களுமா?

சிறு கடைக்குக் கிடையாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும். மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம்.

நன்கொடைக்கு வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பிள்ளைகளுக்கு எவ்வளவு, தர்மத்துக்கு எவ்வளவு எழுதி வைக்கலாம்?

எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். எழுதி வையுங்கள் என்பது மட்டும் என் பிடிவாதம், தெளிவாக எழுதி வையுங்கள் என்பது அதைவிடப் பெரிய பிடிவாதம். கம்பெனிக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்து சம்பாதித்த பச்சையப்ப முதலியார் நாற்பது வயதில், 1794இல் காலமானார். கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் என்று உயில் எழுதித்தான் போனார். நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் அது இழுபட்டு, வழக்காகி, அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. அதற்குள் வட்டி சேர்ந்து வளர்ந்துவிட்ட பணத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கு ஒதுக்கி, 1842இல்தான் பள்ளி தொடங்கியது. பின்னாளில் ராமானுஜனும் அண்ணாவும் படித்த கல்லூரி அதிலிருந்து வந்தது என்பது நம் அதிர்ஷ்டம். எல்லா உயிலுக்கும் அப்படி ஒரு கோர்ட் வாய்க்காது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயம் இல்லை, செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கட்டாயம், முடிந்தவரை உங்களைவிட இளையவர்களாக. தர்மத்துக்கு என்று மொட்டையாக எழுதாமல் எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை, எவ்வளவு, யார் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம், பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு லாக்கர் சாவி யாரிடம் என்று தெரியாமல் திணறும் குடும்பங்கள் வருடத்துக்கு இரண்டாவது என் வாசலுக்கு வருகின்றன.